கடைசி கோலை அடித்தது யார்

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி இருபதுக்கு என் மகள் ஆரணி ஒரு கோல் அடித்தாள். எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். நேரம் எனக்கு இவ்வளவு திட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. கோல் கம்பங்களுக்கு நடுவில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நின்று, பந்து உள்ளே போனதும் மணிக்கூட்டைப் பார்த்து, இரண்டு கொடிகளை ஆட்டி, பிறகு புள்ளி அட்டையில் எழுதுகிறவன் நான்தான்.

இது நடந்து ஆறு கிழமை ஆகிறது. கொடிகளையும் அங்கியையும் கழகத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தச் செய்தி எப்படியோ பரவி, தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை சேர்க்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, நீங்கள் ரிட்டயர் ஆகிட்டியளாம். உந்த அவுஸ்திரேலியன் ஃபுட்போலை ஜேர்மனியில விளையாடின முதல் தமிழாள் நீங்கள்தானே. ஒரு கட்டுரை எழுதித் தாங்கோவன்."

"முதல் ஆளோ தெரியாது தம்பி. வேற ஒருத்தரையும் நான் காணேல்லை."

"அப்ப நீங்கள்தான் அண்ணை. கொஞ்சம் சந்தோஷமா எழுதுங்கோ. பெடியளுக்கு உற்சாகமா இருக்கும்."

சந்தோஷமாகத்தான் இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துப்போட்டேன். மூன்றாவது இது. மலரில் போடுவதும் விடுவதும் அவர் விருப்பம்.

முதலில் விளையாட்டைச் சொல்லவேண்டும். ஏறக்குறைய முப்பது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. இது உதைபந்தாட்டம் இல்லை. றக்பியும் இல்லை. பந்து உரிக்காத தேங்காய் போல நீண்டிருக்கும். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், மூடிய கையால் குத்திக் கொடுக்கலாம், எறிய மட்டும் கூடாது. எதிராளியைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள்ளால் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்து இடைவெளியால் போனாலும் ஒரு புள்ளி கொடுப்பார்கள். இந்த ஒரு புள்ளிதான் எனக்கு முதலில் பிடித்தது. ஒரு கையெழுத்துத் தவறினால் முழு விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பும் நாட்டில், கிட்டத்தட்டச் சரி என்பதற்கு ஏதாவது கொடுக்கிற இடம் வேறு எங்கே இருந்தது?

அவுஸ்திரேலியாவில் இதற்கு வட்டமான பெரிய மைதானங்கள் உண்டாம். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது நகரசபையின் உதைபந்துத் திடல் ஒன்று. அதுவும் எந்தக் கழகத்துக்கும் வேண்டாத நேரத்தில். திடலைப் பராமரித்த முதியவர் ஒவ்வொரு முறையும் வேலிக்கு அப்பால் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இது றக்பிதானே?"

"இல்லை ஐயா."

"றக்பிக்கு இங்கே அனுமதி இல்லை."

"இது றக்பி இல்லை ஐயா."

"புல்லில் குழி தோண்டக்கூடாது."

குழி தோண்டாமல் எட்டுக் கம்பம் எப்படி நடுவது? மழைநீர்க் குழாய்க்கு விற்கிற பிளாஸ்டிக் குழாய்களை வாங்கி, வாளிகளில் சீமெந்து கரைத்து ஊற்றி, அதில் நிறுத்தினோம். எட்டு வாளிகள். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆட்டம் இரண்டு மணிக்கென்றால் நான் பத்து மணிக்கு வாளி தூக்கிக்கொண்டிருப்பேன். என் முதுகு இன்று இருக்கிற நிலைக்கு விளையாட்டைக் குறை சொல்லமாட்டேன். வாளிகளைத்தான் சொல்வேன்.

நான் இதற்குள் வந்த கதை சின்னது. பதினாறு வயதில் சித்தப்பாவுடன் இந்த நாட்டுக்கு வந்தேன். மொழி படித்தேன், கடைசல் இயந்திரத்தில் தொழில் படித்தேன், ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அந்த வேலை இன்றும் இருக்கிறது. ஒரு கோடைகாலத்தில் வேலை முடிந்து திடல் ஓரமாக நடந்து வந்தபோது, அந்தத் தேங்காய்ப் பந்து வானத்தில் சுழன்றுகொண்டு என் தலைக்கு நேரே வந்தது. பையைப் போட்டுவிட்டு எம்பிப் பிடித்தேன். ஊரில் கிரிக்கெட் விளையாடும்போது எல்லைக்கோட்டில் நின்று பிடித்த பழக்கம், வேறொன்றுமில்லை. திடலுக்குள்ளிருந்து தொப்பி போட்ட ஒரு நெட்டை மனிதர் ஆறுதலாக நடந்து வந்தார்.

"அடுத்த செவ்வாய் வருவாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் பெயரைக் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர்தான் டாரல். அவுஸ்திரேலியர். மாலைப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்தவர், எங்கள் கழகத்தைத் தொடங்கியவர், பன்னிரண்டு வருடம் எனக்குப் பயிற்சியாளர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குரலை இன்னும் தாழ்த்துவார். என்ன சொல்கிறார் என்று கேட்க நாங்கள் கிட்டப் போகவேண்டியிருக்கும். கிட்டப் போனால்தான் அடி விழும், வார்த்தையால். அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு "மோசமில்லை." அதை நான் மூன்று தரம் வாங்கியிருக்கிறேன்.

டாரலின் கழுத்தில் எப்போதும் ஒரு நாடா தொங்கும். அதில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை. யாராவது தலையில் அடிபட்டு விழுந்தால், அந்த அட்டையோடு போய்ப் பக்கத்தில் குந்துவார். முதலில் விழுந்தவனின் சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். அது அவனுக்கு மூச்சு எடுக்க நேரம் கொடுப்பதற்கு. பிறகு அட்டையில் இருக்கிற ஐந்து கேள்விகளையும் கேட்பார். இது எந்த மைதானம்? ஆட்டத்தின் எத்தனையாவது கால்பகுதி நடக்கிறது? கடைசி கோலை அடித்தது யார்? போன ஆட்டம் யாருடன்? அதில் வென்றோமா, தோற்றோமா? ஐந்தும் சரியென்றால் ஆடலாம். ஒன்று பிழையானால் வெளியே போய், கவிழ்த்து வைத்த ஒரு வெறும் வாளியில் உட்காரவேண்டும். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் வைத்தியம்.

இங்கேதான் என் பிழை தொடங்குகிறது.

சித்தப்பா என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்த புதிதில், அகதி விசாரணைக்கு முதல் நாள் ஒரு கொப்பி நிறையக் கேள்வியும் பதிலும் எழுதி என்னைப் பாடமாக்க வைத்தார். எந்தத் திகதி வெளிக்கிட்டாய், எந்தப் பாதையால் வந்தாய், யாருடன் வந்தாய். எல்லாம் உண்மையான பதில்கள்தான். ஆனால் பயத்தில் உண்மையும் மறந்துபோகும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். "தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை," என்று இரவு முழுக்க ஓதினார். "ஒரு தெரியாது சொன்னா, மிச்சம் எல்லாம் பொய் எண்டு நினைப்பாங்கள்." நான் சொல்லவில்லை. எங்களுக்கு அனுமதி கிடைத்தது. பாடமாக்கியதால் கிடைத்ததென்று நான் முழுமையாக நம்பினேன்.

அதனால் டாரலின் அட்டையைக் கண்டதும் எனக்கு அது ஒரு பரீட்சையாகத்தான் தெரிந்தது. அதுவும் கேள்வி முன்கூட்டியே தெரிந்த பரீட்சை. எங்களில் யார் அதைப் படிக்காமல் விடுவோம்? முதலாவது, நான்காவது, ஐந்தாவது பதில்களை ஆட்டத்துக்கு முதலே மனப்பாடம் செய்துவிடுவேன். இரண்டாவதும் மூன்றாவதும் ஆட்டத்தோடு மாறுகிறவை. அவற்றுக்கு, ஒவ்வொரு கோல் விழுந்ததும் அடித்தவன் பெயரை மூன்று தரம் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். ஜேர்மன்காரப் பெடியன்கள் ஒருவரும் இப்படிச் செய்ததில்லை. அவர்களுக்கு அடிபட்டால் முழித்துக்கொண்டு வாளியில் போய் இருப்பார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் படிக்காமல் பரீட்சைக்கு வந்தவர்களைப் பார்ப்பது போல இருக்கும்.

ஒரு அரையிறுதி ஆட்டத்தில் எனக்கு அடி விழுந்தது. ஒன்பது பேர் ஆடவேண்டிய இடத்தில், பின்னேர வேலைக்குப் போனவர் போக, நாங்கள் எட்டுப் பேர்தான். பந்தைப் பிடிக்க எம்பியபோது, பின்னால் எம்பிய எங்கள் ஆளின் முழங்கால் என் காதுக்கு மேல் பட்டது. டாரல் வந்ததும் சப்பாத்து நாடாவைக் கட்டியதும் நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, பேருந்தில் என் மடியில், சிறந்த ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற ஒரு கிண்ணம். நடுவில் ஒரு அரை ஆட்டம் நடந்ததாம். நான் மூன்று கோல் அடித்தேனாம். வென்றோமாம். ஐந்து கேள்விக்கும் பிசகாமல் பதில் சொன்னேனாம்.

இதை நான் எத்தனை பிறந்தநாள் விழாக்களில், எத்தனை கலியாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். டாரலை ஏமாற்றிய ஒரே ஆள் நான்தான் என்று. கேட்டவர்களும் சிரித்தார்கள். என் மனைவி வதனி மட்டும் ஒருநாளும் சிரிக்கவில்லை.

முழங்கால் போனபின் ஆட்டத்தை விட்டு, கொடி பிடிக்கிற கோல் நடுவரானேன். முதலுதவி வகுப்புக்கும் போய்ச் சான்றிதழ் எடுத்தேன். டாரல் ஓய்வெடுத்தபோது அந்த அட்டையை என் கழுத்தில் போட்டார். பெண்கள் அணி தொடங்கியது. ஆரணி அதில் சேர்ந்தாள். நான் சேரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு பதில்தான் என்று வதனி சொல்கிறாள்.

பதினாறு வயதில் ஒருநாள் ஆரணி தலையில் சின்னதாக இடிபட்டு, போன ஆட்டம் யாருடன் என்று சொல்லத் தெரியாமல் வெளியே உட்கார்ந்தாள். காரில் வரும்போது ஒரே புகைச்சல்.

"எனக்கு ஒண்டுமே இல்லை அப்பா. போன கிழமை ஆரோட விளையாடினதெண்டு மறந்துபோச்சு. அவ்வளவுதான். சும்மா நாளிலயும் எனக்கு உது ஞாபகம் வராது."

"பாடமாக்கியிருக்க வேணும்."

"அதையெல்லாம் பாடமாக்கிறதோ?"

"நான் பாடமாக்கினனான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போகிற வழியில் காருக்குள் வகுப்பு நடந்தது. நான் கேட்பேன், அவள் சொல்வாள். நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் ஐந்தையும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பாள். கோல் விழுந்ததும் பெயரை மூன்று தரம் சொல்லும் வித்தையையும் நானே சொல்லிக் கொடுத்தேன். அடிபட்டவரைக் கண்டுபிடிக்கிற பொறுப்பை வாங்கிக்கொண்ட ஒருவன், கண்டுபிடிக்க முடியாமல் செய்கிற வழியை வீட்டில் படிப்பித்துக்கொண்டிருந்தான். மூன்று வருடம். ஒருநாள்கூட எனக்கு இது உறைக்கவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

எதிரணி வடக்கிலிருந்து வந்திருந்தது. பிரதான நடுவரும் அவர்களோடு வந்தவர். மூன்றாவது கால்பகுதி. ஆரணி பந்தோடு ஓடி வந்து, என்னிடமிருந்து முப்பது அடி தூரத்தில் உதைத்தாள். அவள் கால் பந்தில் பட்ட அதே நேரம், உதையைத் தடுக்கப் பாய்ந்த ஒரு பெண் அவளோடு மோதினாள். இதை நான் கண் ஓரத்தால்தான் கண்டேன். கோல் நடுவர் பந்தைத்தான் பார்க்கவேண்டும். பந்து நடுவால் போனது. மணிக்கூட்டைப் பார்த்தேன். பிரதான நடுவர் சரி என்று கை காட்டும் வரைக்கும் நின்றேன். கோல் என்பதற்கு இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு கொடியையும் ஆட்டினேன். மற்ற முனையில் நின்றவர் தன் கொடிகளை ஆட்டிப் பதில் சொல்லும் வரைக்கும் காத்திருந்தேன். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து முடித்த பிறகுதான், புல்லில் கிடக்கிற பிள்ளையிடம் ஓடினேன்.

அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அணித்தலைவி யோஹன்னா நின்றாள். நான் குந்தி, டாரல் செய்தது போலச் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினேன்.

"என்ன பிள்ளை, தலை இடிக்குதோ?"

"இல்லை அப்பா. கெதியா கேளுங்கோ."

கேட்டேன். தமிழில்தான், காரில் கேட்கிற மாதிரி. மைதானத்தின் பெயர். மூன்றாவது கால்பகுதி. யோஹன்னா. போன ஆட்டத்து எதிரணி. வென்றோம். ஐந்தும் ஒரே ஓட்டத்தில் வந்தன, எங்கும் தட்டுப்படவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்து எழுதிப் பயனில்லை.

யோஹன்னா ஜேர்மன் மொழியில் கேட்டாள்: "ஏன் என் பெயரைச் சொன்னாள்?"

"கேள்விக்குப் பதில்."

"எந்தக் கேள்விக்கு?"

"எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டாள்," என்றேன். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். ஆரணி எழும்பி நடு மைதானத்துக்கு ஓடினாள்.

நான் என் கம்பங்களுக்குத் திரும்பி வந்து, அங்கிப் பையிலிருந்து புள்ளி அட்டையை எடுத்தேன். எங்கள் கழகத்தில் ஆள் குறைவு என்பதால், கோல் அடித்தவரின் இலக்கத்தையும் கோல் நடுவரே எழுதவேண்டும். 3.20 என்று எழுதினேன். பக்கத்தில் 14 என்று எழுதினேன். பதினான்கு ஆரணி. மேல் வரியில் 9 என்று இருந்தது. ஒன்பது யோஹன்னா.

அவள் சொன்னது மேல் வரியை. தான் அடித்த கோல் அவளுக்குத் தெரியாது. அந்தக் கோலுக்குப் பிறகு யாருடைய பெயரையும் மூன்று தரம் சொல்லிக்கொள்ள அவள் விழித்திருக்கவில்லை.

யோஹன்னாவுக்குக் கேள்வி தெரியாது, தன் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. அவளே சந்தேகப்பட்டுக் கேட்டாள். எனக்குக் கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும், கோல் விழுந்ததற்குக் கொடி ஆட்டியவனும் நான். நான் பதிலைக் கேட்கவே இல்லை. தட்டுப்படாமல் வருகிறதா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. கோல் நடுவருக்கு ஆட்டத்தை நிறுத்த அதிகாரம் இல்லை. தன் கோட்டை விட்டு நகரவும் கூடாது. இத்தனை வருடத்தில் நான் ஒரு தரமாவது நகர்ந்ததில்லை. அன்று ஓடினேன். முழங்கால் வரைக்கும் வெள்ளை அங்கி, இரண்டு கையிலும் கொடி. நடுவர் என்னைக் கண்டு, திரும்பிப் போ என்று கை காட்டினார். நான் "ஆரணி, ஆரணி" என்று கத்தினேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. பந்துக்காக வந்த எதிரணிப் பெண் பக்கவாட்டில் தோளால் இடித்து விழுத்தினாள். விதிப்படி சரியான இடிதான். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆரணி தோளைக் கொடுத்துத் தாங்கியிருப்பாள். நான் கூப்பிட்டதால் தலையைத் திருப்பினாள். இந்த முறை எழும்பவில்லை.

மருத்துவமனைக்கு வந்தபோது ஐந்து மணி. அவளைக் கதவுகளுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். என்னிடம் ஒரு படிவத்தைத் தந்தார்கள். காப்புறுதி இலக்கம் எழுதினேன். விபத்து நேரம் எழுதுகிற இடத்தில் எந்த அடியின் நேரத்தை எழுதுவதென்று தெரியாமல் இரண்டையும் எழுதினேன். விளையாட்டின் பெயர் கேட்டிருந்தது. எழுதிக் கொடுத்தேன். மேசையில் இருந்த பெண் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது றக்பிதானே?"

"ஓம்," என்றேன். முப்பது வருடத்தில் முதல் தடவை.

பிறகு ஒரு இளம் தாதி கொப்பியோடு வந்து கேட்டார், முதல் அடிக்குப் பிறகு அவளைப் பரிசோதித்தது யார் என்று. நான்தான் என்றேன். தகப்பன் என்றல்லவா சொன்னீர்கள் என்றார். இரண்டும் நான்தான் என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார்.

காத்திருக்கும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் கையில் கட்டுப் போட்ட ஒரு மூதாட்டி இருந்தார். என் வெள்ளை அங்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டொக்டர், எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அங்கியைக் கழற்றினேன்.

வதனி சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறவள். அங்கிருந்து நேரே ரயிலில் வந்திருந்தாள், கையில் திருத்தாத பரீட்சைத் தாள்கள். ஒரு கதிரை இடைவெளி விட்டு இருந்தாள்.

"அடிபட்ட உடனை நீங்கள் பார்த்தனீங்களோ?"

"ஓம்."

"கேள்வி கேட்டனீங்களோ?"

"ஓம். அஞ்சும் சொன்னவள்."

"அஞ்சும் சரியோ?"

"நாலு."

"எது பிழை?"

"கடைசி கோல் ஆர் அடிச்சது எண்டது."

"ஆர் அடிச்சது?"

"ஆரணிதான்."

வதனி தாள்களைப் பைக்குள் வைத்தாள். "உங்கட சித்தப்பா உயிரோட இருந்தா இண்டைக்கு அவரைக் கேட்டிருப்பன்," என்றாள். "இல்லாதபடியால் உங்களைத்தான் கேக்க வேணும். ஆனா இப்ப ஏலாது."

ஆறரை மணிக்கு டாரல் வந்தார். யோஹன்னா அறிவித்திருக்கிறாள். இடுப்பு சத்திரசிகிச்சைக்குப் பிறகு தடியோடு நடக்கிறார். வந்ததும் தொப்பியைக் கழற்றினார். நான் கிட்டப் போகவேண்டியிருந்தது. நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன், காருக்குள் நடந்த வகுப்பு உட்பட. அதை அதுவரை வதனிகூட முழுமையாகக் கேட்டதில்லை. கடைசியாக, "உங்களையே நான் ஏமாற்றினேன், அதனால்தான் இது நல்ல வழி என்று நினைத்தேன்," என்றேன்.

டாரல் தொப்பியைக் கையில் சுற்றினார்.

"அந்த அரையிறுதியில் நான் உன்னிடம் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்டேன்," என்றார். "நீ ஐந்துக்கும் பதில் சொன்னாய்."

நான் மயக்கத்தில் ஒப்புவித்தது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

"பிறகு ஏன் என்னை ஆடவிட்டீர்கள்?"

"எட்டுப் பேர் இருந்தோம். நீயும் போனால் ஏழு."

இதை அவர் வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன், வந்தது. அத்தனை கலியாண வீட்டிலும் என்னைச் சிரிக்கவிட்டாரே என்று வந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காருக்குள் வகுப்பு நடந்திருக்காது. பிறகு, அவர் சொல்லாததைத் தெரிந்துகொள்ள எனக்கு அவர் தேவையில்லையே என்றும் வந்தது. மடியில் கிண்ணத்தோடு பேருந்தில் விழித்தவன் நானல்லவா. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. வதனிதான் வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பரீட்சைத் தாள்களோடு பைக்குள் போட்டாள்.

இப்போது எங்கள் கழகத்தில் அந்த அட்டையை நம்புவதில்லை. அடிபட்டதைக் கண்டாலே போதும், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. குறைந்தது மூன்று கிழமை ஓய்வு, பிறகு டொக்டரின் கடிதம். முடிவு எடுக்கிறவர் அணியில் யாருக்கும் உறவாக இருக்கக்கூடாது. இதைக் கடுமை என்று முணுமுணுக்கிற இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னைத் தேடி வந்து, நீங்கள் பழைய ஆள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இந்தக் கட்டுரைதான் அந்த வார்த்தை.

அந்தச் சனிக்கிழமை ஏழு மணி தாண்டி டொக்டர் வெளியே வந்தார். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்றார். இரண்டு நாள் வைத்திருந்து பார்க்கவேண்டும், பிறகு மாதக்கணக்கில் அமைதி. படிப்புக்கும் கொஞ்சக் காலம் ஓய்வு. திரும்ப விளையாடலாமா என்று டாரலும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே இன்னும் வெளிச்சமாக இருந்தது. மேல்மாடிக்குக் கொண்டுபோவதற்காக அவளைச் சில்லுக் கட்டிலில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். கேள்வி ஒன்றும் கேட்டுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அப்பா, டொக்டர் கேட்டவர், கடைசி கோல் ஆர் அடிச்சது எண்டு. நான் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். பிழையோ?"